சட்டைப் பொத்தான் அளவு காம்பஸை நம்பலாமா?

புதூர்க்காரன்:
மே மாதக் கடைசியில் ஜவ்வாது மலைக்குப் போகிறோம். உள்ளூர்க்காரர் ஒருவர் வழி காட்ட வருகிறார். இருந்தாலும் சிக்னல் போனால் திசையாவது தெரியட்டும் என்று விசிலோடு சேர்ந்த குட்டி காம்பஸ் ஒன்று வாங்கினேன். தட்டையாகப் பிடித்தால் முள்ளின் ஒரு முனை அடியில் உரசி நின்றுவிடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா? கைக்கடிகாரத்தின் சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேரே வைத்தால் தெற்கு தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது சரியா?

காட்டுப்பூனை:
உரசுவது தெற்கு முனையா? அப்படியென்றால் அது ஐரோப்பா பக்கத்துக்குச் சமன் செய்த முள். அங்கே பூமியின் காந்தப்புலம் நிலத்துக்குள் சரிந்து இறங்கும், வடக்கு முனையைக் கீழே இழுக்கும். அதை ஈடுகட்டத் தெற்கு முனையில் கொஞ்சம் எடை கூட்டியிருப்பார்கள். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. இங்கே புலம் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். அந்த எடை இங்கே வேண்டாத சுமை. தெற்குப் பக்கம் சற்றுத் தாழும்படி சாய்த்துப் பிடியுங்கள், முள் விடுபட்டு ஆடும்.

திருப்பிக் கொடுக்க வேண்டாம். வடக்கா வடகிழக்கா என்று சொல்லும், அதற்கு மேல் இந்த அளவு முள்ளிடம் கேட்கக் கூடாது. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே சுமார் 2 டிகிரிதான் வித்தியாசம், அதை மறந்துவிடலாம். ஆனால் போன் இருக்கும் பையில் மட்டும் போடாதீர்கள். ஸ்பீக்கர் காந்தம் பட்டால் முள் தலைகீழாகக் காந்தமேறி, தெற்கையே வடக்கென்று காட்டும். கிளம்பும் அன்று காலையில் சூரியனைப் பார்த்து ஒருமுறை சரிபாருங்கள்.

கடிகார வித்தை மே மாதத்தில் இங்கே செல்லாது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை ஜவ்வாது மலையில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். வீடியோக்காரர் எந்த ஊரோ!

நிழல்குச்சி:
நடுப்பகலை ஒட்டி, ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழல் நுனியில் ஒரு கல் வையுங்கள். அரை மணி கழித்து நுனி போன இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. நிழல் சாண் அளவுக்குக் குட்டையாக இருந்தாலும் நுனி நகர்வது நன்றாகத் தெரியும்.

புதூர்க்காரன்:
நன்றி. தெற்கு முனையேதான், சாய்த்ததும் சரியாகிவிட்டது! ராத்திரிக்கு துருவ நட்சத்திரமா?

காட்டுப்பூனை:
அங்கே அது அடிவானத்திலிருந்து 12 டிகிரி சொச்சம்தான். நீட்டிய கையில் ஒரு முஷ்டி உயரத்தைவிடக் கொஞ்சம் கூட. வடக்கே ஒரு மேடு இருந்தால் போச்சு. மே மாதம் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள்: தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதற்கு நேர் கீழே தெற்கு. மேகம் இருந்தால் மட்டும் உங்கள் விசில் காம்பஸ்.