நகராட்சிப் பொதுக்கலைத் திட்டம்: நூலகச் சுவர், சுரங்கப்பாதை, பூங்காச் சிற்பம். எதில் தொடங்குவது?

கேள்வி (வார்டுக் குழு எழுத்தர்)

பொது இடங்களில் கலைப் படைப்புகள் வைக்க எங்கள் மன்றம் ஒரு சிறு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. முதலாவது நூலகத்தின் வெளிச்சுவர். 40 அடி நீளம், 10 அடி உயரம், மேற்கு பார்த்தது, புதுப் பூச்சு பூசி ஐந்து வாரம் ஆகிறது. அடுத்து பாதசாரிகள் சுரங்கப்பாதை. உட்சுவரில் இரண்டு இடங்களில் ஓதம், வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. மூன்றாவது பூங்கா நுழைவில் ஒரு சிற்பம். குழந்தைகள் எப்படியும் அதில் ஏறுவார்கள்.

சாலை, சாக்கடை வேலை போல இதற்கும் டெண்டர் விட்டு, குறைந்த தொகை கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. சரிவருமா? ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்? ஓவியம் ஐந்து வருடமாவது தாங்க வேண்டும்.

பதில் 1 (சுவர்ப் பெயின்ட் வேலை)

நூலகச் சுவருக்கு மட்டும் சொல்கிறேன். ஓவியரைத் தேடும் முன் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுப் பூச்சுக்கு 28 நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. நடுவில் மழை பெய்திருந்தாலோ, பூச்சு கனமாக இருந்தாலோ ஐந்து வாரம் போதாது. 18 அங்குலச் சதுரத்தில் ஒரு தெளிவான பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். உள்பக்கம் நீர் முத்துகள் நின்றாலோ, சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் காயவில்லை. அடியில், நடுவில், மேலே என மூன்று இடத்தில் செய்யுங்கள். அடியில் மட்டும் ஈரம் என்றால் தரையிலிருந்து ஏறுகிறது. மேலே மட்டும் என்றால் கைப்பிடிச்சுவர் வழியாகவோ மழைநீர்க் குழாய் வழியாகவோ இறங்குகிறது. அதை அடைக்காமல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் கொப்புளம்தான்.

அடுத்தது காரத்தன்மை. காய்ச்சி வடித்த நீரால் சுவரை நனைத்து பிஎச் தாளை அழுத்துங்கள். புதுச் சிமென்ட் 12, 13 காட்டும். 10-க்குக் கீழே இறங்கும்வரை பொறுப்பது நல்லது. முடியாவிட்டால் கார எதிர்ப்பு பிரைமர் கட்டாயம். எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் சிமென்ட்டின் சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாக மாறி, பிசுபிசுத்து, தோலாக உரியும். முழு அக்ரிலிக் வெளிப்புற எமல்ஷன் போதும். வழவழப்புக்காகக் கனமாகப் புட்டி இழுப்பதையும் தவிருங்கள். எல்லாவற்றிலும் பலவீனமான அடுக்கு அதுதான், ஓவியத்தோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும்.

அளவு: 400 சதுர அடி என்பது ஏறக்குறைய 37 சதுர மீட்டர். பிரைமர் ஒரு கோட்டுக்கு 5 லிட்டர், சொரசொரப்பான பூச்சு என்றால் 6. அடிநிறம் இரண்டு கோட்டுக்கு 8 லிட்டர். ஓவிய நிறங்கள் எல்லாம் சேர்த்து 8 முதல் 10 லிட்டர்.

மேற்குச் சுவர் என்பதால் நிறத்தேர்வு முக்கியம். நிறத்தின் பெயரைப் பார்க்காமல் டப்பாவிலோ தயாரிப்பாளரின் தரவுத்தாளிலோ இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். நீலத்துக்கு பிபி 15, பச்சைக்கு பிஜி 7, செம்மண் சிவப்புக்கு பிஆர் 101 எல்லாம் வெயில் தாங்குபவை. ஃப்ளோரசன்ட் நிறங்கள் எதுவும் வெளிச்சுவரில் நிற்காது. பளிச்சென்ற மெஜந்தா, ஊதா வகைகளிலும் பல சீக்கிரம் வெளுத்துவிடும். காலையிலேயே அடித்து முடியுங்கள். சூடேறிய சுவரில் பெயின்ட் தூரிகை தொட்டதும் காய்ந்து, ஒட்டுக்கோடுகள் விழும்.

அடியில் ஒன்றரை அடியை ஒரே அடர்நிறப் பட்டையாக விட்டுவிடுங்கள். மழைச் சேறு தெறிப்பது அங்கேதான். பட்டைக்கு மறுபூச்சு அடிக்க ஓவியரைத் திரும்ப அழைக்க வேண்டியதில்லை.

பதில் 2 (கொத்துவேலை)

சுரங்கப்பாதையில் பெயின்ட் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே தண்ணீர் சுவரின் பின்பக்கத்து மண்ணிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. முன்னால் என்ன பூசினாலும் உப்பு அதன் பின்னால் படிகமாகி வெளியே தள்ளிவிடும். நீங்கள் பார்க்கும் வெள்ளை, அது வேலை செய்துகொண்டிருப்பதற்கு அடையாளம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, கசிவை அடைத்து உப்பைச் சுரண்டிய பிறகு ஓடு அல்லது மொசைக். 1959-இல் திறந்த போர்ச்சுகலின் லிஸ்பன் மெட்ரோவின் முதல் நிலையங்களில் பலவற்றுக்கு ஓவியர் மரியா கைல் வடிவமைத்தவை ஓட்டுச் சுவர்களே. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவான ஓடு எடுங்கள். கலவைக்குப் பதில் ஓட்டுப் பசை, பின்பக்கம் முழுதும் பரவியிருக்க வேண்டும். ஒட்டியபின் தட்டிப் பாருங்கள், 'டொக்' என்று வெற்று ஒலி வந்தால் எடுத்து மறுபடி ஒட்டுங்கள். சுவரில் விரிவு இணைப்பு (சூட்டில் சுவர் விரிய விட்ட இடைவெளி) இருக்கும் இடத்தில் ஓட்டிலும் இணைப்பு விடாவிட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

இரண்டாவது, சுவரிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளி ஸ்டெயின்லெஸ் சட்டத்தில் மாட்டும் பலகைகள். இடைவெளியில் காற்று ஓடும், கீழே தண்ணீர் வடியும், ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் கழற்றலாம். ஆனால் நடுவில் சாதாரண பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகையை ஆள் நடமாடும் சுரங்கத்தில் மாட்டாதீர்கள், தீப்பிடித்தால் புகை கொல்லும். கண்ணாடிப் பூச்சைச் சூளையில் சுட்ட எஃகுப் பலகை விலை கூடுதல்தான், ஆனால் எரியாது.

பதில் 3 (கோப்பு)

குறைந்த தொகைக்குக் கொடுப்பது பூச்சு வேலைக்குச் சரி, கலைக்குச் சரிவராது. மொத்தத் தொகையை முன்பே அறிவித்துவிட்டு, அந்தத் தொகைக்குள் யார் சிறப்பாகச் செய்வார் என்று பாருங்கள். முதலில் முந்தைய வேலைகளின் படங்களை மட்டும் வாங்கி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் மட்டும் வரைவு கேளுங்கள். வரைவுக்குக் கூலி கொடுங்கள். இலவசமாகக் கேட்டால் அனுபவமுள்ளவர்கள் விலகிவிடுவார்கள். தேர்வுக்குழு 5 அல்லது 7 பேர் போதும். அதில் அந்த இடத்தைத் தினமும் பயன்படுத்துபவர் ஒருவரும், கட்டடத்தைப் பராமரிக்கும் பொறியாளரும் இருக்கட்டும். ஏணி எங்கே நிற்கும் என்று கேட்பவர் அவர் ஒருவர்தான்.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்: கையெழுத்தின்போது 30 சதவீதம், சுவர் தயாரானதும் 30, பாதி வேலையில் 30, கடைசி 10 ஆய்வுக்குப் பிறகு. முன்பணம் இல்லையென்றால் பொருளை ஓவியர் கைக்காசில் வாங்குவார், மலிவுப் பெயின்ட் அப்படித்தான் சுவருக்கு வருகிறது. பராமரிப்புக்கென்று 10 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள். பிலடெல்ஃபியா 1959-இலேயே கட்டுமானச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் விதி கொண்டுவந்தது. பல ஊர்களில் இப்படிக் கலைப் படைப்பை வைப்பதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது, பிறகு கழுவுவதற்குத்தான் கிடைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் அகற்றும் விதியை மறக்காதீர்கள். எத்தனை வருடம் காப்பாற்றுவோம், அகற்ற நேர்ந்தால் எத்தனை நாள் முன்பு சொல்வோம், எடுத்துக்கொள்ள கலைஞருக்கு முதல் உரிமை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செராவின் படைப்பான 120 அடி எஃகுச் சுவர் 1981-இல் வைக்கப்பட்டு, பொதுமக்கள் எதிர்ப்பு, விசாரணை, வழக்கு எல்லாம் கடந்து 1989-இல் வெட்டி எடுக்கப்பட்டது. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் அவரைக் கேட்காமலே இறக்கப்பட்டது. 2005-இல் உயர்நீதிமன்றம் எஞ்சியதைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. படைப்பைக் காசு கொடுத்து வாங்கினாலும் கலைஞரின் தார்மீக உரிமை (படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை) அவரிடமே இருக்கும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. சுரங்கப்பாதையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் சொல்கிறேன், கசிவு வேலை முதலில். சுவரில் கிறுக்கல் வந்தால் அழிக்க மேலே ஏதாவது பூசலாமா? சிற்பத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பதில் 4 (பட்டறை)

ஏறுவார்கள் என்று தெரிந்துவிட்டால் அதை விளையாட்டுக் கருவியாகவே கருதுங்கள். உடலோ தலையோ சிக்கும் இடைவெளி இருக்கக் கூடாது. துளைகள் 9 செ.மீ.க்குக் கீழே அல்லது 23 செ.மீ.க்கு மேலே இருக்கட்டும், நடுவில் வேண்டாம். சுற்றி 1.8 மீட்டருக்குக் கல் பாவாதீர்கள், மணலோ ரப்பர் தரையோ போடுங்கள். கறுப்பு உலோகம் வெயிலில் கையைச் சுடும். ஃபைபர் கிளாஸ் உதை வாங்கி விரிசல் விட்டால் நார் குத்தும்.

சிமென்ட் சிற்பமென்றால் கம்பிக்கு மேலே 4 செ.மீ. கலவை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பி, மூக்கும் விரலும் முதலில் உதிரும். உள்ளே பொள்ளலான உலோகமானால் தண்ணீர் வடிய மிகத் தாழ்ந்த இடத்தில் 10 மி.மீ. துளை விடுங்கள். வெண்கலத்தைச் சாதாரண இரும்பு போல்ட்டால் கட்டினால் போல்ட் கரைந்துபோகும். ஸ்டெயின்லெஸ் போடுங்கள், நைலான் வாஷரோடு. கடலோரமானால் 316 தரம், 304 அங்கே பழுப்புக் கறை பிடிக்கும்.

பதில் 5 (சுவர்ப் பெயின்ட் வேலை)

கிறுக்கலுக்கு: மெழுகுப் பூச்சென்றால் வெந்நீரில் கிறுக்கலோடு சேர்ந்து கரைந்துவிடும், அந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசலாம். இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் நிரந்தரமானது, ஆனால் சுவர் மூச்சுவிடாது. பாலிதீன் சோதனையில் முழுதாகத் தேறாத சுவரில் அதைப் போடாதீர்கள். எதுவானாலும் ஓவியத்தின் மேல் முதலில் ஒரு கோட் அக்ரிலிக் வார்னிஷ். இல்லையென்றால் கிறுக்கலைத் துடைக்கும் கரைப்பான் ஓவியத்தையும் கூட்டிக்கொண்டு வரும். ஒரு மூலையில் ஓரடிச் சதுரத்தில் எல்லா அடுக்கையும் போட்டு, காய்ந்ததும் நீங்களே ஸ்பிரே அடித்துத் துடைத்துப் பாருங்கள்.

ஒவ்வொரு நிறத்திலும் 250 மில்லி மிச்சம், நிறமிக் குறியீட்டோடு கலவைக் கணக்கு, இரண்டையும் ஓவியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள்.