மறு: ரெண்டர் – ‘வார்த்தெடு’ சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, தொகுப்புக்குக் கேடென்லைவ் என்று முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். கையேட்டுக்கான சொற்பட்டியலில்தான் ஒரு சொல் உறுத்துகிறது: ‘ரெண்டர்’, அதாவது தொகுத்ததையெல்லாம் சேர்த்து இறுதிக் காணொளிக் கோப்பை உருவாக்குவது, அதற்கான தமிழ்ச் சொல்.

> ரெண்டர் – வழங்கு. இல்லாவிட்டால் ‘ஏற்றுமதி’ என்றே விட்டுவிடலாம்.

‘வழங்கு’ வேண்டாம். அகராதியில் அந்தப் பொருள் இருக்கலாம். பொத்தானில் பார்ப்பவர் யாருக்கோ கோப்பு போகப்போகிறது என்றுதான் நினைப்பார். ‘ஏற்றுமதி’ என்றால் காணொளி ஏற்கெனவே தயார், வெளியே எடுப்பதுதான் பாக்கி என்று தோன்றும். கேடென்லைவில் அதுவரை எதுவும் தயாராக இல்லை. நாம் சேமிக்கும் திட்டக் கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் உரைக் கோப்பு. எந்தத் துண்டு எப்போது தொடங்குகிறது, எங்கே வெட்டு, என்ன விளைவு, மூலக் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கும். பதிவு செய்த படமோ ஒலியோ அதற்குள் இல்லை. புதியவர்கள் அந்தக் கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பிவிட்டு ‘ஏன் ஓடவில்லை?’ என்று கேட்பது இதனால்தான். ரெண்டர் கொடுத்தால்தான் காணொளியே உருவாகிறது. சொல்லில் அது தெரிய வேண்டும்.

அதனால்தான் ‘வார்த்தெடு’. துண்டுகள், தலைப்பெழுத்துகள், ஒலித்தடங்கள் எல்லாம் உருகி ஒரே வார்ப்பாக வருகின்றன. கேடென்லைவுக்கு அடியில் இயங்கும் எம்எல்டி கட்டமைப்பின் கட்டளைவரிக் கருவிக்கும் ‘மெல்ட்’, அதாவது உருக்கு, என்றுதான் பெயர்! ‘வார்ப்பு முடிந்தது’, ‘வார்ப்பு வரிசை’ என்று பெயராகவும் இயல்பாக வருகிறது.

> ஓபிஎஸ்-இல் ரீமக்ஸ் என்பதற்கும் இதையே போடலாமே?

கூடாது, அது முற்றிலும் வேறு வேலை. எம்கேவி என்ற கோப்பு வடிவில் பதியச் சொல்கிறோம். நடுவில் கணினி நின்றுபோனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும். வழக்கமான எம்பி4 வடிவில், கோப்புக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாவிட்டால் கோப்பே திறக்காது. பதிந்த எம்கேவியை அப்புறம் எம்பி4 ஆக்கும்போது உள்ளே இருக்கும் படமும் ஒலியும் அப்படியே இருக்க, உறை மட்டும் மாறுகிறது. சட்டென்று முடியும், தரமும் குறையாது. வார்ப்பில் சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) மறுபடி குறியாக்கம் ஆகின்றன. நேரம் பிடிக்கும், தரமும் கொஞ்சம் குறையலாம். ஆகவே ரீமக்ஸுக்கு ‘உறைமாற்று’ என்று வைப்போம்.

ப்ராக்ஸி துண்டுக்கு, அதாவது தொகுக்கும்போது மூலத்துக்குப் பதிலாக வைக்கும் தரம் குறைந்த நகலுக்கு, ‘பதிலித் துண்டு’ நன்றாக இருக்கிறது. படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் ‘கோடெக்’ அப்படியே இருக்கட்டும்.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் ரெண்டருக்கும் ‘வார்த்தெடு’ பொருந்தும். உலாவி ஒரு பக்கத்தை ரெண்டர் செய்வதற்குப் பொருந்தாது. அங்கே ‘வரைந்துகாட்டு’ போதும். மறுப்பு உள்ளவர்கள் சொல்லுங்கள். குறிப்பாக, காலவரிசையில் குறித்த பகுதியை மட்டும் வார்க்கும் விருப்பத்துக்கு ‘பகுதி வார்ப்பு’ என்று போட்டிருக்கிறேன். அதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருக்கிறதா?