மறு: இழைப்புப் பொறி – ‘உள்ளீட்டு மேசை’க்கு மாற்றுச் சொல்

ஐயா, வணக்கம்.

மரம் சீவும் இழைப்புப் பொறியின் பாகங்களுக்கு நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலில் ‘உள்ளீட்டு மேசை’, ‘வெளியீட்டு மேசை’ இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. கணினிக்குப் போய்விட்ட சொற்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. போன வாரம் மாமாவின் பட்டறையில், வேலைமேசையோடு பூட்டுகிற இழைப்புப் பொறியைப் பொருத்தினோம். அந்த இரண்டு மேசைகளுக்கும் வேலையே வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

நடுவில் கத்தி பதித்த உருளை, இரு பக்கமும் இரும்பு மேசை. மரத்தை முதல் மேசையில் வைத்து, கத்தியைத் தாண்டி இரண்டாவதன் மேல் தள்ள வேண்டும். முதல் மேசையை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு மரம் சீவப்படும். 1 மில்லிமீட்டர் இறக்கினால் 1 மில்லிமீட்டர். இரண்டாவதை அப்படி இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கக் கூடாது. சுழலும் கத்தி முனை எந்த உயரத்தில் உச்சிக்கு வருகிறதோ, அந்த மேசையும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். உயர்ந்துவிட்டால் மரத்தின் தலை அதன் விளிம்பில் முட்டும். தாழ்ந்துவிட்டால் மரத்தின் வால் முதல் மேசையை விட்டு நீங்கியதும் கத்தி மேல் இறங்கிவிடும். கடைசி இரண்டு விரற்கடையில் பள்ளம் விழும். எங்களுக்கு அந்தப் பள்ளம்தான் விழுந்தது. கத்தி மழுங்கிவிட்டதென்று நினைத்துச் சாணை பிடித்து, அரை நாள் போயிற்று.

அப்புறம் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, நேரான மரச்சட்டம் ஒன்றை இரண்டாவது மேசையில் வைத்து, உருளைக்கு மேலே நீட்டி, உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தோம். கத்தி சட்டத்தை லேசாகக் கவ்வி 3 மில்லிமீட்டர் போல நகர்த்தினால் சரி. எல்லாக் கத்தியும், இரு ஓரத்திலும் நடுவிலும், ஒரே அளவு நகர்த்த வேண்டும். இரண்டாவது மேசை தாழ்ந்திருந்ததோடு, எங்கள் கத்தி ஒன்று ஒரு ஓரத்தில் மட்டும் சட்டத்தைத் தொடவே இல்லை.

ஆகவே, சீவிய மரத்தை ஏந்திக்கொள்ளும் இரண்டாவது மேசைக்கு ‘ஏந்துமேடை’, கத்திக்கு மரத்தை ஊட்டும் முதல் மேசைக்கு ‘ஊட்டுமேடை’ என்கிறேன். ‘ஏந்துமேடை தாழ்ந்திருக்கிறது’ என்று படித்தாலே பழுது எங்கே என்று தச்சருக்குப் பிடிபடும். ‘வெட்டு உருளை’யை ‘சீவுருளை’ ஆக்கலாம். இந்தப் பொறி மரத்தை வெட்டுவதில்லை, சீவுகிறது.

உருளைப் பள்ளத்தில் கத்தியை இறுக்கும் சட்டத்துக்கு நீங்கள் தந்த ‘பிடிமானத் தகடு’ தேவையே இல்லை. கை இழைப்புளியில் கத்தியை இறுக்குவது ஆப்பு. இங்கேயும் அதே வேலைதான். ‘ஆப்புச்சட்டம்’ போதும்.

அன்புடன்.

---

அன்புத் தம்பிக்கு,

ஆப்புச்சட்டம், சீவுருளை, ஏந்துமேடை மூன்றையும் பட்டியலில் மாற்றிவிட்டேன். ஆப்பு என் நினைவுக்கு வராமல் போனதில் வருத்தம்தான். சிறுவயதில் எங்கள் தெருத் தச்சர் அதைத் தட்டித் தட்டி இறுக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

ஊட்டுமேடையில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஊட்டுவது தச்சரின் கை. அந்த மேசை செய்வது, எவ்வளவு சீவ வேண்டும் என்று அளவு வைப்பது. நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ‘அளவுமேடை’ என்றால் என்ன? உங்கள் மாமாவிடம் இரண்டு சொல்லையும் சொல்லி வையுங்கள். வேலை நடுவில் எது அவர் வாயில் தானாக வருகிறதென்று பார்த்து எழுதுங்கள். அதுவரை அந்தக் கட்டத்தை வெற்றாகவே விட்டு வைக்கிறேன்.