பதிவெண், படைக்குறி, பொத்தல்: குண்டுவீச்சு விமானச் சொற்கள்

அன்பர்களுக்கு,

இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு விமானங்களின் படத்தொகுப்பு தமிழில் வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கைக்கு வந்திருக்கும் மொழிபெயர்ப்பில் எதைப் பார்த்தாலும் 'அடையாள எண்', எது நடந்தாலும் 'சேதம்'.

மெம்ஃபிஸ் பெல் என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் பி-17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு 41-24485, 1941ஆம் நிதியாண்டுக் கொள்முதல். வாலில் எழுதும்போது முதல் 4ஐயும் சிறுகோட்டையும் விட்டுவிடுவார்கள், ஆகவே 124485. உடலில் டி.எஃப். என்று இரண்டு எழுத்து. அது 324ஆம் ஸ்குவாட்ரன் என்னும் சிறு படைப்பிரிவு. தள்ளி ஒரு ஏ. அது அந்த ஸ்குவாட்ரனுக்குள் இந்த விமானம். நட்சத்திரம் நாட்டுக்குரியது. நான்குக்கும் நான்கு சொல் வேண்டும்.

— கோ.

கோ. ஐயா,

சீரியல் நம்பருக்குப் 'பதிவெண்' போதும். மோட்டார் வண்டியால் எல்லாருக்கும் பழகிய சொல். நட்சத்திரத்துக்கு 'நாட்டுச்சின்னம்'. சிக்கல் ஸ்குவாட்ரன் எழுத்தில்தான். அது விமானத்தோடு பிறந்ததல்ல. லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர் ஆர் 5868ஐப் பாருங்கள். 83ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தபோது ஓ.எல்.-க்யூ. 467க்கு மாறியதும் பி.ஓ.-எஸ். பதிவெண் மட்டும் கடைசிவரை அதே. 'அடையாள எண் மாற்றப்பட்டது' என்று எழுதினால் படிப்பவர் வேறு விமானம் என்று நினைப்பார். 'படைக்குறி' என்று வைக்கலாம்.

— ந.

ஐயன்மீர்,

'குறி' வறட்சியான சொல். போர்க்களத்தில் இன்னார் படை இது என்று தெரிவதற்குத் தமிழன் பூச்சூடினான். 'உறுபகை வேந்திடை தெரிதல் வேண்டி' என்று தொல்காப்பியம் காரணத்தையே சொல்லிவிட்டுப் போந்தை, வேம்பு, ஆர் என்று மூவேந்தர் பூவையும் வரிசையிடுகிறது. நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தை 1942 மே மாதம் அமெரிக்கர்கள் ஏன் அழித்தார்கள்? ஜப்பானியச் செவ்வட்டத்தோடு குழம்பித் தம் விமானத்தையே சுட்டுவிடக் கூடாதென்றுதானே? பயன் அதே பயன். 'படைப்பூ' என்று ஆள முன்மொழிகிறேன். வாலில் வரும் முக்கோணம், சதுரத்துக்குப் 'பொறி'. வில், புலி, கயல் பொறித்த மரபு நமக்கு உண்டு.

— செ.

செ. ஐயா,

'வால்பொறி' என்று அச்சில் வந்தால் வாலில் ஏதோ எஞ்சின் இருக்கிறது என்றுதான் பொறியியல் மாணவன் படிப்பான். 'விமானத்தின் படைப்பூ' என்றால் ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை.

அந்த வால் வடிவம் 1943 கோடையில் அமெரிக்க 8ஆம் விமானப்படை கொண்டுவந்தது. முதல் பிரிவுக்கு முக்கோணம், இரண்டுக்கு வட்டம், மூன்றுக்குச் சதுரம். உள்ளே இருக்கும் எழுத்து குழுவை, அதாவது சில ஸ்குவாட்ரன் சேர்ந்த படையைக் காட்டும்: முக்கோண ஏ 91ஆம் குழு, முக்கோண சி 303, சதுர டி 100. இங்கேதான் மொழிபெயர்ப்பு சறுக்குகிறது. முக்கோணத்துக்குள் இருக்கும் ஏ குழு. உடலில் தனியே நிற்கும் ஏ விமானம். ஒன்றுக்குக் 'குழுக்குறி', மற்றதற்குத் 'தனியெழுத்து'. மெம்ஃபிஸ் பெல்லில் முக்கோணத்தைத் தேடவேண்டாம். 25 பறப்பு முடித்து அது 1943 ஜூனிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டது.

— ந.

சேதப் பக்கத்துக்கு வருவோமா? ஃபிளாக் துளைக்கும் துப்பாக்கித் துளைக்கும் என்ன வேறுபாடு, என்ன சொல்?

— கோ.

வணக்கம். ஈழத்தில் பொம்பர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், அதை விடுவோம். துப்பாக்கி ரவையைச் 'சன்னம்' என்போம். ஷெல்லுக்கு 'எறிகணை', அது வெடித்துப் பறக்கும் துண்டுக்குச் 'சிதறல்'. ஃபிளாக் என்பது ஜெர்மன் விமான எதிர்ப்புப் பீரங்கியின் சுருக்கப் பெயர். 88 மி.மீ. எறிகணை வானில் வெடித்துச் சிதறல் படுவதுதான் அந்தத் துளை. ஆகவே 'சிதறல் துளை', 'சன்னத் துளை'. புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை.

— தி.

தி. அண்ணா, 'சிதறல்' அருமை. 'சன்னம்' இங்கே சன்ன அரிசியாகிவிடும். சிறு துளை என்று படிப்பார்கள். 'தோட்டாத் துளை' என்றே வைப்போம்.

வேறுபாடு இது. 7.92 மி.மீ. தோட்டா நேராகப் பட்டால் வட்டத் துளை, சாய்ந்து பட்டால் நீண்ட கீறல். சிதறல் பட்டது ஒழுங்கற்றுக் கிழிந்திருக்கும். தகட்டின் விளிம்பு உள்ளே மடிந்திருந்தால் புகுந்த இடம், வெளியே மலர்ந்திருந்தால் வெளியேறிய இடம். ஆனால் 20 மி.மீ. வெடிக்கும் எறிகணை ஏமாற்றும். சிறிதாய்ப் புகுந்து உள்ளே வெடித்து, புகுந்த பக்கத்துத் தகட்டையே வெளியே பிதுக்கிவிடும். அதை 'வெளித்துளை' என்று எழுதினால் சுட்டவன் எந்தப் பக்கம் இருந்தான் என்பதே தலைகீழாகிவிடும்.

ஒட்டு என்பது நம் டிங்கர் பட்டறைச் சொல்தான். கிழிசலை வெட்டி விளிம்பை வழவழப்பாக்குவார்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்தே விரிசல் ஓடும். ஓடிய விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்துவார்கள். பிறகு அலுமினியத் தகட்டை மேலே வைத்து ரிவெட். வண்ணம் பூசாத ஒட்டு ஆலிவ் பச்சை உடலில் பளிச்சென்று தெரியும். அதைச் 'சேதம்' என்பது தவறு, சேதம் சரியானதற்குச் சான்று அது.

— ந.

ரிவெட்டுக்குத் 'தறையாணி' இருக்கிறது. முன்னிருந்து தாக்கிய காயம் 'விழுப்புண்', வாலில் பட்டது 'புறப்புண்' என்றும் ஆளலாமே.

— செ.

வால் துப்பாக்கிக்காரர் பின்னோக்கி உட்கார்ந்து எதிரியை முகத்துக்கு நேரே பார்த்தவர், ஐயா. அவருக்கு எதற்குப் புறப்புண்? 1943 பிப்ரவரி 1இல் துனிசியா வானில் ஆல் அமெரிக்கன் என்ற பி-17இன் வாலை ஜெர்மன் போர்விமானம் மோதி ஏறக்குறைய அறுத்துவிட்டது. அது தொங்கும் வாலோடு தரையிறங்கியது. அங்கே தோட்டாவே இல்லை, 'மோதற்சேதம்'.

— தி.

கடைசிப் பக்கத்தில் புள்ளியியல் அறிஞர் ஆபிரகாம் வால்ட் வருகிறார். அவர் எடுத்துக்காட்டாகப் போட்ட கணக்கில் 400 விமானம் போகிறது, 20 திரும்பவில்லை. வந்தவற்றில் 320இல் ஒரு துளையும் இல்லை. துளை நிறைந்த இடத்துக்குக் கவசம் போடு என்று தோன்றும். எஞ்சினில் அடிபட்டவற்றில் பல திரும்பவில்லை, அதனால்தான் அங்கே துளை குறைவு. இந்தத் தவறுக்குப் 'பிழைத்தோர் பிழை' என்று பெயர் வைக்கலாமா? விமானத்தில் துளைபட்ட இடங்களைக் காட்டி இணையத்தில் உலவும் சிவப்புப் புள்ளிப் படம் அவர் வரைந்ததல்ல, அதைப் போடவேண்டாம். வால்ட் 1950 டிசம்பரில் நீலகிரியில் விமான விபத்தில் இறந்தார் என்பதைப் படக்குறிப்பில் சேர்க்கலாம்.

— வெ.

பழந்தமிழில் 'பிழைத்தோர்' தவறு செய்தவர். 'உய்ந்தோர் சாய்வு' என்க.

— செ.

'உய்ந்தோர்' என்றால் முக்தியடைந்தவர்கள் வாலில்லாமல் வந்ததுபோல் இருக்கிறது.

— ந.

நண்பர்களே, நேரமில்லை. பதிவெண், நாட்டுச்சின்னம், படைக்குறி, குழுக்குறி, தனியெழுத்து, சிதறல் துளை, தோட்டாத் துளை, ஒட்டு ஆகியவை அச்சுக்குப் போகின்றன. ஐவரில் நால்வர் ஒப்பு. ரிவெட் ரிவெட்டாகவே இருக்கிறது. 'பிழைத்தோர் பிழை' மேற்கோள் குறிக்குள் போகிறது.

— கோ.

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். படைப்பூ.

— செ.