வார்டு இல்லாத '13', சபாத் ஆல்பம்தானா?

குடந்தை_பேஸ் (இரவு 10.12)

நேற்று இரவு கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் இல்லை. மொட்டைமாடியில் பாயைப் போட்டுப் படுத்து, ஹெட்போனில் பர்மிங்காம் ராக் குழுவான பிளாக் சபாத்தின் '13' ஆல்பத்தை முழுசாகக் கேட்டேன். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்த பிறகு இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை. எட்டுப் பாட்டும் முடிந்து கடைசியில் மழை, இடி, தேவாலய மணி என்று வருமே, அந்த இடத்தில் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. 1970இல் வந்த முதல் ஆல்பம் தொடங்குவதே அந்த மழையிலும் மணியிலும்தான். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம் என்று காட்டுகிறார்கள். சரி, புறப்பட்டது நாலு பேர். வந்து சேர்ந்தது மூணு பேர்தானே?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 நவம்பர் 11 அன்று ஆஸி, டோனி ஐயோமி, கீசர் பட்லர், பில் வார்டு என்ற பழைய நால்வரும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, புது ஆல்பம் வருகிறது, தயாரிப்பு ரிக் ரூபின் என்று சொன்னார்கள். ஆஸி பாடி இந்தக் குழு ஸ்டூடியோ ஆல்பம் போட்டது அதற்கு முன்பு 1978இல்தான். ஜனவரியில் கிதார்காரர் டோனி ஐயோமிக்கு லிம்போமா என்ற புற்றுநோய் என்று செய்தி. பிப்ரவரியில் டிரம்மர் பில் வார்டு, கையெழுத்துப் போடும்படியான ஒப்பந்தம் வராவிட்டால் நான் இல்லை என்று அறிவித்தார். அது வரவேயில்லை. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க்கை டிரம்ஸில் உட்காரவைத்து, 2013 ஜூனில் ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

என் கட்சி இதுதான்: அந்த மூவரும் ஆல்பம் போட்டதில் தப்பில்லை. அதற்குச் சபாத் என்று பெயர் வைத்ததுதான் தப்பு.

மாயவரம்_மேனேஜர் (இரவு 10.31)

தம்பி, இருபத்திரண்டு வருஷமாக ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறேன். ஒரு முகூர்த்த சீசனில் எனக்கு மூன்று ரிதம் பேட் வாசிப்பவர்கள் மாறுவார்கள். போஸ்டரில் பெயரை மாற்றினேனா? பெயர் குழுவினுடையது. ஆளுடையது இல்லை.

நீங்கள் 1980ஐ வசதியாக மறந்துவிட்டீர்கள். அந்த வருஷம் ஆஸி இல்லை, ரோனி ஜேம்ஸ் டியோ பாடி ஓர் ஆல்பம் வந்தது. அதில் டிரம்ஸ் யார்? சாட்சாத் பில் வார்டு. பாடகரே இல்லாமல் வந்த ஆல்பம் சபாத் என்றால், டிரம்மர் இல்லாமல் வந்தது ஏன் சபாத் இல்லை? 1986இல் வந்த ஆல்பத்தில் நால்வரில் ஐயோமி ஒருவர்தான் இருந்தார். அதற்கும் சபாத் பெயர்தான்.

கொள்ளிடக்கரை (இரவு 10.40)

அண்ணன் முதல் பந்திலேயே ஸ்டம்பை எடுத்துவிட்டார் 😀

குடந்தை_பேஸ் (இரவு 10.58)

மறக்கவில்லை அண்ணே. அந்த 1980 கச்சேரிப் பயணத்தில் வார்டு பாதியிலேயே விலகிப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆஸி இல்லாத மேடை தனக்கு ஒத்துவரவில்லை என்று பின்னால் அவரே சொன்னார். நண்பன் இல்லாமல் வாசிக்க முடியவில்லை என்று போனவர் அவர். முப்பது வருஷம் கழித்து அவர் இல்லாமல் அந்த நண்பர் பாடினார். கணக்கு எனக்கு உதைக்கிறது.

அப்புறம், பெயர் குழுவினுடையது என்றீர்கள். அதுகூடச் சரியில்லை. 2009இல் அந்தப் பெயரில் பாதி எனக்கு வேண்டும் என்று ஐயோமி மேல் ஆஸி வழக்கே போட்டார். அடுத்த வருஷம் சமாதானம் ஆனது. ஆக, அந்தப் பெயர் வரப்பு மாதிரி. யார் பக்கம் எவ்வளவு என்று வக்கீல் வைத்து அளந்திருக்கிறார்கள். அளந்து முடித்த மறுவருஷமே, நாங்கள் நாலு பேரும் ஒரே குடும்பம் என்று வந்து உட்கார்ந்தார்கள்.

மாயவரம்_மேனேஜர் (இரவு 11.09)

புற்றுநோய் வந்த மனுஷனை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்? ஐயோமிக்காக மற்றவர்கள் அமெரிக்காவை விட்டு இங்கிலாந்தில் அவர் வீட்டுக்கே போய்ப் பாட்டுக் கட்டினார்கள். கீமோ முடிந்த பிறகும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து மருந்து ஏற்றிக்கொண்டு போனார். பயணத் தேதிகளையே அதைச் சுற்றித்தான் வைத்தார்கள். ஆஸி கதை தெரியுமல்லவா? ஒன்றரை வருஷமாகத் திரும்பவும் குடிப்பழக்கத்துக்கும் போதைப்பொருளுக்கும் போயிருந்தேன் என்று 2013 ஏப்ரலில் அவரே ஒப்புக்கொண்டார். அதாவது ஆல்பம் வேலை நடந்த காலம் முழுக்க. ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் போதையில். இதில் மூன்றாமவர் பேப்பரில் இன்ன வரி சரியில்லை என்றால், மேனேஜராக நான் இருந்தாலும் வேறு ஆளைத்தான் கூப்பிடுவேன். நாள் குறித்த கல்யாணம், மாப்பிள்ளையின் சித்தப்பா கோபித்துக்கொண்டார் என்று நிற்குமா?

கொள்ளிடக்கரை (இரவு 11.14)

வார்டு சித்தப்பாவா? மாப்பிள்ளைத் தோழனாவது ஆக்குங்கள் அண்ணே, பாவம்.

நீடாமங்கலத்தான் (காலை 6.05)

வணக்கம். நான் ராக் அதிகம் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் தவில். அப்பா வாசித்தார், நான் வாசிக்கிறேன். பையன் இந்தக் குழுவைக் கேட்பான், அவன்தான் இந்த இழையைக் காட்டினான். முதல் ஆல்பத்தையும் '13'ஐயும் ராத்திரி அவனோடு உட்கார்ந்து கேட்டேன்.

தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் மேளத்தில் தாளம் பிடிக்க ஜால்ராவுக்குத் தனி ஆள் உண்டு. அதனால் தவில்காரன் தாளத்தைச் சுமக்க வேண்டாம். நாயனம் ஒரு பிடியைப் போட்டால் அதற்குப் பதில் சொல்வதுதான் அவன் வேலை. சில சமயம் நாயனம் மூச்சு எடுக்கும் இடத்தில் புகுந்து நிரப்புவான். சில சமயம் வேண்டுமென்றே சும்மா இருப்பான். முதல் ஆல்பத்தில் இந்த வார்டு செய்வது இதுதான். கிதார் ஒரு வரி சொன்னதும் இவர் ஒரு வரி சொல்கிறார். வண்டி கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிமிர்கிறது. '13'இல் வாசிப்பவர் நல்ல வாசிப்புக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஜால்ரா வேலையையும் சேர்த்துச் செய்கிறார். கிதார் சொல்வதற்குத் தலையாட்டுகிறார், பதில் சொல்லவில்லை.

எங்கள் ஊர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனமும் சேர்ந்த நாளைப் பற்றி அப்பா சொல்வார். கேட்டவர்கள் இரண்டையும் பிரித்துச் சொல்ல மாட்டார்களாம்.

ஒலிபெருக்கி_தஞ்சை (காலை 8.20)

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. வார்டு கேட்டு வளர்ந்ததே ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச் மாதிரி ஜாஸ் டிரம்மர்களைத்தான்.

ஆனால் பழியை வில்க் தலையில் மட்டும் போடாதீர்கள். நான் மைக் செட், மிக்ஸிங் வேலை பார்ப்பவன். '13'இன் மாஸ்டரிங், அதாவது கடைசி ஒலிச் சீரமைப்புதான் முதல் குற்றவாளி. எல்லாவற்றையும் அமுக்கி ஒரே சத்தத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மெதுவான இடமும் சத்தமான இடமும் ஒரே உயரம். அந்தச் சமயத்திலேயே பலர் புகார் சொன்னார்கள். கோயில் திருவிழாவில் கோன் ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்தால் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகக் கேட்குமே, அது மாதிரி. இதில் வார்டே உட்கார்ந்து வாசித்திருந்தாலும் அந்தச் சாய்வும் நிமிர்வும் பாதிதான் வெளியே வந்திருக்கும்.

முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில் பதிவானது. மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்துவிட்டு எழுந்து போனார்கள். '13'க்கு ரூபின் அந்த முதல் ஆல்பத்தைத்தான் திரும்பக் கேட்கவைத்து, ஹெவி மெட்டல் என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொண்டு வாசியுங்கள் என்றாராம். யோசனை நல்ல யோசனைதான். அதைச் சொல்லிவிட்டு, வேலையை மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் ரோடு ரோலர் ஏற்றினால்?

மாயவரம்_மேனேஜர் (காலை 9.02)

ரோடு ரோலர் ஏற்றிய ஆல்பம்தான் அமெரிக்காவில் அவர்களுக்கு முதல் முதலாக நம்பர் ஒன் ஆனது. பிரிட்டனில் 1970க்குப் பிறகு, கிட்டத்தட்ட 43 வருஷம் கழித்து நம்பர் ஒன். அதிலிருந்த 'காட் இஸ் டெட்?' பாட்டு கிராமியும் வாங்கியது. ஜனங்களுக்குக் காது இல்லையா?

குடந்தை_பேஸ் (காலை 9.10)

ஆடித் தள்ளுபடியில் விற்றதெல்லாம் நல்ல வேட்டியா அண்ணே?

மாயவரம்_மேனேஜர் (காலை 9.13)

நான் கட்டியிருப்பதே அதுதான். மூன்று வருஷம் ஓடுகிறது.

நீடாமங்கலத்தான் (மதியம் 1.40)

ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. மேனேஜர் ஐயா கோபிக்க வேண்டாம்.

அப்பா ஒரு செட்டில் பதினோரு வருஷம் வாசித்தார். செட் பெயரைச் சொல்லமாட்டேன். பேச்சு எல்லாம் வாய்வார்த்தை. நாயனக்காரருக்கு இவ்வளவு, தவிலுக்கு இவ்வளவு என்று காகிதத்தில் எதுவும் கிடையாது. ஒரு வைகாசியில் வெளியூர்க் கச்சேரிக்கு அட்வான்ஸ் வந்தது. எவ்வளவு வந்தது என்று அப்பா கேட்டார். கேட்டதுதான் தப்பு. 'நம்மளுக்குள்ள கணக்கா?' என்று ஒரு சிரிப்பு. அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு தவில் போயிருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கை முன்னைப்போல் இல்லை என்று ஊரில் பேச்சு பரவியது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் வீட்டில் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

வார்டு விஷயத்திலும் முதலில் ஒப்பந்தம் என்றார்கள், பிறகு அவர் பருமனாகிவிட்டார், தாங்கமாட்டார் என்று ஆஸியே பேட்டி கொடுத்தார் என்று பையன் சொன்னான். கேட்டதும் அப்பா முகம்தான் வந்தது. ஒரு ஆளை விலக்குவது ஒன்று. விலக்கிய பிறகு அவன் கையையே குறை சொல்வது வேறு.

குடந்தை_பேஸ் (மதியம் 1.58)

ஐயா, இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது. 2015இல் வார்டு பகிரங்கமாகக் கேட்டதும் அதைத்தான். முதலில் என்னைப் பற்றிச் சொன்னதற்கு ஆஸி மன்னிப்புக் கேட்கட்டும் என்றார்.

மாயவரம்_மேனேஜர் (மாலை 4.26)

கோபம் எதுவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படித்தேன், தூக்கம் வரவில்லை.

கை விஷயத்தில் ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பேட்டி அசிங்கம். ஆனால் உடம்பு என்பதே பொய்க் காரணம் என்று தீர்த்துவிடாதீர்கள். 1998இல் பயணத்துக்கு ஒத்திகை நடந்த சமயத்திலேயே வார்டுக்கு மாரடைப்பு வந்து, வின்னி அப்பிஸ் என்ற வேறு டிரம்மரை உட்காரவைத்தார்கள். அந்தப் பயம் அவர்களுக்கு இருந்திருக்கும். நூறு ஊர் போகிற பயணத்தில் டிரம்மர் விழுந்தால் யார் பொறுப்பு? என் குழுவில் கீபோர்டுக்காரருக்கு மேடையில் நெஞ்சுவலி வந்து, கூட்டத்தின் நடுவே ஆம்புலன்ஸ் நுழையப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தத்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். அது மேனேஜர் தப்பு. ஆல்பம் போட்டது தப்பில்லை. இந்த இரண்டையும் குழப்பாதீர்கள் என்றுதான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

கொள்ளிடக்கரை (மாலை 4.41)

அண்ணன் நேற்று ராத்திரி 'பேப்பரில் வரி' என்று கிண்டல் அடித்தார். இன்று மாலையில் எழுதிக் கொடுத்திருக்கலாம் என்கிறார். மேட்டூர் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டது!

ஒலிபெருக்கி_தஞ்சை (மாலை 5.15)

சண்டையை விடுங்கள். தவில் ஐயாவுக்குப் பிடித்த ஒரு சங்கதி சொல்கிறேன். ஐயோமிக்குப் பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கை இரண்டு விரல் நுனி போய்விட்டது. இடது கைப் பழக்கக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற கை அது. பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி, விரலுக்குக் குப்பி மாதிரி செய்து, மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை ஒட்டி மாட்டிக்கொண்டார். விரலுக்கு வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி போட்டார், அப்புறம் 1971 ஆல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். அந்தக் கனத்த நாதம் அந்த இரண்டு விரலிலிருந்து வந்ததுதான்.

நீடாமங்கலத்தான் (மாலை 6.02)

கூடு!

தவிலின் வலப்பக்கமான வலந்தலைக்கு நாங்கள் விரலில் போடுவது அதேதான். துணியைக் கீற்றாகக் கிழித்து, பசை தடவி, விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைப்போம். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். தட்டினால் டக் என்று கேட்கும். மாவுப் பசை என்பதால் அப்பாவின் கூட்டை எலி கடித்துவிட்டுப் போகும், கச்சேரிக்குக் கிளம்பும்போது வீடே ரகளையாகும். ஒருவர் கூடு இன்னொருவர் விரலுக்குச் சேராது. அப்பாவின் கூட்டை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன், கழன்று விழும்.

சுருதி இறக்கிய கதையும் எங்கள் பக்கம் உண்டு. குட்டையான திமிரி நாயனம் போய், நீளமான, சுருதி குறைந்த பாரி நிலைத்ததில் ராஜரத்தினம் பிள்ளைக்கும் நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆச்சாரிக்கும் பங்கு உண்டு. கீழே இறங்கினால் கனம் வரும் என்று பர்மிங்காம் காரருக்கும் தெரிந்திருக்கிறது.

குடந்தை_பேஸ் (இரவு 8.30)

இழையைத் தொடங்கியவன் நான், எனக்கே இப்போது பாதிக் கோபம்தான் மீதி. 2025 ஜூலை 5 பர்மிங்காம் வில்லா பார்க் காட்சியைத் திரும்பப் பார்த்தேன். நால்வரும் சேர்ந்து மேடை ஏறியது 2005க்குப் பிறகு அன்றுதான். ஆஸி எழுந்து நிற்க முடியாமல் சிம்மாசனத்தில். பின்னால் வார்டு. நாலே பாட்டு. வார்டு வேகத்தில் அங்கங்கே தடுமாறுகிறார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்து பிடித்துக்கொள்கிறார்கள். 17 நாள் கழித்து ஆஸி இறந்தார். அந்தக் காத்திருப்பை 2012இல் செய்திருக்கலாமே என்பதுதான் என் வழக்கு. பெயரைப் பற்றி இனிப் பேசவில்லை.

மாயவரம்_மேனேஜர் (இரவு 8.44)

நாலு பாட்டுக்குக் காத்திருக்கலாம் தம்பி. நூறு ஊருக்கு முடியாது. இதில் நான் நகரப் போவதில்லை.

ஒலிபெருக்கி_தஞ்சை (இரவு 8.50)

ஞாயிற்றுக்கிழமை என் ஷெட்டுக்கு வாருங்கள். முதல் ஆல்பம், '13', வில்லா பார்க் மூன்றையும் ஒரே சத்த அளவில் வைத்துப் போடுகிறேன். கண்ணை மூடிக் கேட்டு, எந்த இடத்தில் பதில் வருகிறது, எங்கே வெறும் தலையாட்டல் என்று நீங்களே சொல்லுங்கள். டீ என் செலவு.

மாயவரம்_மேனேஜர் (இரவு 8.53)

வருகிறேன். வடையும் உன் செலவு.

நீடாமங்கலத்தான் (இரவு 9.20)

ஞாயிறு முகூர்த்தம், எனக்கு மன்னார்குடியில் வாசிப்பு. திங்கள் வைத்தால் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.