மறு: மாதிரி விமானக் கிட்டின் ‘ஸ்ப்ரூ’வுக்குத் தமிழில் என்ன?

> ‘வார்ப்பு இணைப்புச் சட்டகம்’ என்று வைக்கலாம். பொருள் துல்லியமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா,

பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானக் கிட்டில், அந்தப் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத்தான் ஸ்ப்ரூ என்கிறோம். அதற்கு நீங்கள் தந்த சொல் துல்லியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கையில் கட்டரும் மறு கையில் பாகமுமாக உட்கார்ந்திருப்பவர், “அந்த வார்ப்பு இணைப்புச் சட்டகத்தை எடு” என்று சொல்லி முடிப்பதற்குள் பசை காய்ந்துவிடும்.

என் மேசையில் இப்போது இருப்பது வல்டீ வெஞ்சன்ஸ், 72இல் ஒரு பங்கு. அசல் விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 48 அடி; கிட்டில் சரியாக 8 அங்குலம். அமெரிக்காவில் செய்த குண்டுவீச்சு விமானம். ஆனால் அமெரிக்கர்கள் அதைப் பயிற்சிக்கும், சுட்டுப் பழகுவதற்கான இலக்கை வானில் இழுத்துச் செல்லவும் வைத்துக்கொண்டார்கள். 1943-44இல் பர்மா முனையில் அதை ஓட்டியவர்களில் நம் இந்திய விமானப்படையின் 7ஆம், 8ஆம் ஸ்குவாட்ரன்காரர்களும் உண்டு. நேர் செங்குத்தாகப் பாய வேண்டும் என்பதற்காக இறக்கையின் முன்விளிம்பை உயர்த்தாமல் உடலுக்கு நேராகவே பொருத்தியிருந்தார்கள். அதனால் சாதாரணமாகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் போகும்.

சொல் விவாதத்தில் இது எதற்கு என்கிறீர்களா? இந்த விமானத்தை அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்பார் குறைவு என்றால் கிட்டையும் மலிவான அச்சில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட கிட்டில் ஓரமெல்லாம் பிசிறு, பொருத்துவதற்கு முளை கிடையாது, பாகம் சட்டத்தோடு ஒட்டும் இடம் தடித்துக் கிடக்கும். நல்ல கிட்டில் சொல் இல்லாமலே சமாளித்துவிடலாம். இதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

> பட்டறைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டீர்களா?

கேட்டேன். வியாசர்பாடிப் பக்கம் பிளாஸ்டிக் மக்குகளும் மூடிகளும் ஊற்றும் ஒரு பட்டறையில் விசாரித்தேன். அவர்களுக்கு ஸ்ப்ரூ என்பது இயந்திரத்தின் ஊற்று முனையான நாசிலிலிருந்து பிளாஸ்டிக் உள்ளே இறங்கும் அடித்தண்டு மட்டும். அதிலிருந்து பிரிந்து ஓடுவது ரன்னர். பாகத்தைத் தொடும் குறுகிய வாய்தான் கேட். நாம்தான் மொத்தத்தையும் ஸ்ப்ரூ என்கிறோம். அங்கே அதைக் கையால் முறித்து, அரைக்கும் இயந்திரத்தில் போட்டு, மறுபடி ஊற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது கழிவு. நமக்கு அதில்தான் பாக எண்ணே இருக்கிறது.

என் முன்மொழிவு: மொத்தத்துக்கும் கொடி. பாகத்தைப் பிடித்திருக்கும் சிறு கழுத்துக்குக் காம்பு. ஓரத்தில் வழிந்த மெல்லிய தகட்டுக்கு லேத் பட்டறையில் ஏற்கெனவே புழங்கும் பிசிறு.

> கொடி என்றால் தேசியக் கொடிதானே முதலில் தோன்றும்? அதுவும் போர் விமானத்தில்!

அம்மா, எங்கள் வீட்டில் ‘கொடியில் போடு’ என்றால் ஈரத்துணியைத்தான் போடுவோம். சின்னப் பாகங்களை வெட்டாமல் அப்படியே வர்ணம் அடித்துக் காயவிடுகிறோமே, அதுவும் கிட்டத்தட்ட அதே வேலை. அவரைக் கொடியும் இருக்கிறது, காய் காம்பில் தொங்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொரு கொடி: தொப்புள்கொடி. உருகிய பிளாஸ்டிக் இந்த வழியாகத்தான் ஓடிப் பாகத்தை உருவாக்குகிறது. உருவானதும் வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் ஒரு மேடு நிற்கும். அதற்கு நீங்கள் சொன்ன ‘இணைப்பு எச்சக்குறி’யை விட்டுவிட்டுத் தொப்புள் என்றே சொல்லலாமே! “இறக்கை விளிம்பில் தொப்புள் தெரிகிறது, தேய்” என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான். இருக்கட்டும்.

மிஞ்சிய கொடியை மெழுகுவத்தி மேலே காட்டி, இளகியதும் விலக்கி மெல்ல இழுத்தால் முடி மாதிரி இழை வரும். ஏரியல் கம்பிக்கு அதைத்தான் ஒட்டுகிறோம். அதற்கு கொடியிழை. ‘வார்ப்பு இணைப்புச் சட்டக இழை’ என்று எழுதிப் பாருங்கள் ஐயா, இழை அறுந்துவிடும்.

விமானத்தின் மேல் ஒட்டும் சின்னப் படமான டீகாலுக்கு யாராவது சொல் தாருங்கள், அதில் நான் தோற்றுவிட்டேன். இந்த விமானத்துக்கு அடுத்து ஒட்ட வேண்டியது அதுதான். ஜப்பானியச் செவ்வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று சிவப்பை எடுத்துவிட்டு, இரண்டு நீலத்தில் மட்டும் போட்ட விமானப்படை அடையாள வட்டம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து,
விரலெல்லாம் பசையோடு