கார் ஷெட்டுல அம்மாவுக்கு ஒரு ரூம்: செய்யலாமா?

கோத்தகிரிக்காரன் (ஏப்ரல்)

நம்ம வீடு கோத்தகிரி பக்கம், ரோட்டுக்கு மேல. ரோட்டு மட்டத்துல கார் ஷெட், அதை ஒட்டி 31 படி ஏறினா வாசல். அம்மாவுக்கு 72 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சிருச்சு. போன மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக நானும் தம்பியும் பிளாஸ்டிக் சேர்ல வெச்சுத் தூக்கித்தான் இறக்கினோம். பாதிப் படியில அம்மா, "என்னைக் கீழயே போட்டுருங்கடா"ன்னு சொன்னதுல இருந்து இதே யோசனை.

ஷெட் 18க்கு 11. கான்கிரீட் கூரை, பின்சுவர் கருங்கல். ஷட்டரை எடுத்துட்டு சுவர் கட்டி, டைல்ஸ் ஒட்டி, ஒரு பாத்ரூம் போட்டு இருபது நாள்ல முடிச்சுடலாம்னு மேஸ்திரி சொல்றார். சுவர்ல கை வெச்சுப் பார்த்தேன், நல்லா காய்ஞ்சுதான் இருக்கு. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

குன்னூர் கொத்தனார் மகள்

ஏப்ரல்ல கை வெச்சா எந்தச் சுவரும் காய்ஞ்சுதாங்க இருக்கும். நம்ம பக்கம் சுவரோட குணம் ஐப்பசியிலதான் தெரியும்.

எங்க அப்பா நாப்பது வருஷக் கொத்தனார். அவரே எங்க ஷெட்டை அண்ணன் கல்யாணத்துக்காக ரூமாக்கினார். பின்சுவர்தான் மேட்டைத் தாங்குற தடுப்புச் சுவர். பட்டி பாத்து, க்ரீம் கலர் பெயின்ட் அடிச்சு, அவ்வளவு அழகு. நவம்பர்ல முட்டி உயரத்துல பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிச்சு. அண்ணி விரலால அமுக்கினாங்க, பொத்துட்டு தண்ணி கை வழியா ஓடுச்சு. உள்பக்கமா வாட்டர் ப்ரூஃப் அடிச்சார் அப்பா. அடுத்த வருஷம் பெயின்ட் மட்டுமில்ல, பூச்சே பலகை பலகையா விழுந்துச்சு. தண்ணி மண்ணுப் பக்கத்துல இருந்து தள்ளுது. நாம இந்தப் பக்கம் என்ன பூசினாலும் அது அந்தப் பூச்சையும் சேர்த்துத்தான் தள்ளும். ஊருக்கெல்லாம் சொல்றவர், தன் வீட்டுல மறந்துட்டார்.

இன்னொரு தப்பும் நடந்துச்சு. தடுப்புச் சுவர்ல தண்ணி கசிஞ்சு வெளிய வர ஓட்டை விட்டிருப்பாங்க இல்லையா, உள்ள அசிங்கமா இருக்குன்னு டைல்ஸ்காரர் சிமென்ட் வெச்சு அடைச்சுட்டார். தண்ணி போக வழியில்லாம சுவரே உப்ப ஆரம்பிச்சது. கடைசியில எல்லாத்தையும் உடைச்சு, ஓட்டையைத் திறந்து, ஒன்றரை அடி இடைவெளி விட்டு உள்ள இன்னொரு சுவர் கட்டி, நடுவுல வாய்க்கால் போட்டு ரோட்டுச் சாக்கடைக்கு விட்டார். ரூம் ரெண்டடி சுருங்கிடுச்சு. அப்பளம் வரல.

தரைக்கு ஒரு சோதனை சொல்றேன். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு தரையில ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. அடிப்பக்கம் வேர்த்திருந்தா கீழ இருந்து ஓதம் ஏறுது. மழைக்காலத்துல பண்ணுங்க, இப்ப பண்ணி ஏமாந்துடாதீங்க.

ஊட்டி ஓய்வூதியர்

விதிகளைப் பேசுவது எனக்குப் பழைய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டி அனுமதி வாங்கிய இடத்தைக் குடியிருப்பாக்க மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியம்: இடம் பத்தவில்லை என்று மேஸ்திரி, "பின்னாடி கொஞ்சம் வெட்டிக்கலாம்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அனுமதி இல்லாமல் இங்கே ஜேசிபி இறக்க முடியாது. காரணம் இல்லாமல் அந்தக் கட்டுப்பாடு வரவில்லை. 2009 நவம்பரில் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. அந்த வாரம் மண் சரிந்து வீட்டோடு போனவர்களை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

பாத்ரூம் பற்றியும் ஒரு கேள்வி. உங்கள் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்து வீட்டில் டேங்க் மேலே, புது அறை கீழே. கழிவறை கட்டி முடித்த பிறகுதான் கழிவு மேல்நோக்கி ஏறாது என்பது உறைத்தது. மோட்டார் வாங்கி வைத்தார்கள். புயல் மழையில் நம் ஊரில் கரண்ட் எத்தனை நாள் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நாட்களில் அவர்கள் வீட்டுப் பெரியவர் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

கொடை வாசி

நான் பண்ணது சம்பாத்தியத்துக்காக. கொடைக்கானல் வர்ற வண்டிக்கு இ-பாஸ் வேணும்னு வந்தது 2024 மே மாசம், அதுக்கு முந்தின வருஷம். ஷெட்டை ரூமாக்கி டூரிஸ்ட்டுக்கு விட்டேன். ஷட்டர் இருந்த இடத்துல சுவர், ஒரே ஒரு ஸ்லைடிங் ஜன்னல், கீழ மேல எல்லாம் சிலிகான் வெச்சு காத்துப் புகாம அடைச்சேன். குளிர் வரக் கூடாதுன்னு அவ்வளவு கவனம்.

மார்கழியில ஒரு புதுசா கல்யாணமான ஜோடி. வெளிய சிக்கன் சுட்டுட்டு, மிச்சக் கரியோட அடுப்பை கணப்பு மாதிரி உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. காலையில டீ கொண்டுபோனா கதவு திறக்கல. கதவை உடைச்சு உள்ள போனா பொண்ணு கட்டிலுக்குக் கீழ, பையன் வாந்தி எடுத்துக் கிடக்கான். புகை இல்ல, ஒரு வாசமும் இல்ல. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாதுன்னு அப்புறம் டாக்டர் சொன்னார். ரெண்டு பேரும் பொழைச்சாங்க, முருகன் புண்ணியம். பழைய ஷட்டரா இருந்திருந்தா அடியில ரெண்டு விரல் சந்து இருந்திருக்கும். அதை அடைச்சவன் நான்தானே, இன்னைக்கும் அந்த நெனப்பு போகல.

வயசானவங்களுக்குன்னா கட்டாயம் குளிர் காய ஏதாவது கேப்பாங்க. கூரைக்கு அடியில ரெண்டு எதிரெதிர் சுவர்ல மூடாத காத்துத் துவாரம் விடுங்க. அது இல்லேன்னா ஆள் விடுற மூச்சே குளிர்ந்த கான்கிரீட்டுல பட்டு விடியக்காலம் முகத்துல சொட்டும். நானே அந்த ரூம்ல படுத்து வாங்கியிருக்கேன். இப்ப அதுல உருளைக்கிழங்கு மூட்டை போட்டு வெச்சிருக்கேன்.

ஊட்டி டிரைவர்

எல்லாம் சரிங்ணா, கார் எங்க தூங்கும்? நம்ம ரோட்டுல ராத்திரி வண்டி விட்டா காட்டுமாடு வந்து உரசிட்டுப் போகும். ஊட்டியில மார்கழி, தை மாசம் கண்ணாடியில ஐஸைச் சுரண்டிட்டுத்தான் எடுக்கணும். குரங்கு வைப்பர் ரப்பரைப் பிச்சுத் திங்கும். என் வண்டிக்கு ஒரே சீசன்ல மூணு ஜோடி வாங்கினேன்.

இன்னொண்ணு, ரூமைக் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கட்டிலைப் போட்டு நீங்களே படுத்துப் பாருங்க. மழையில.

கோத்தகிரிக்காரன் (நவம்பர்)

எல்லாருக்கும் நன்றி. மேஸ்திரியை ஆறு மாசம் இழுத்தடிச்சதுல அவர் கோவிச்சுக்கிட்டார்.

போன வாரம் மூணு நாள் விடாத மழை. காரை வெளிய விட்டுட்டு ஷெட்டுல கயித்துக் கட்டில் போட்டுப் படுத்தேன். பிளாஸ்டிக் ஷீட் சோதனையில தரை தப்பிச்சுது, லேசாத்தான் வேர்த்திருந்துச்சு. சுவரும் பார்வைக்குப் பரவாயில்ல. ஆனா பதினோரு மணிக்கு மேல ரோட்டுல சத்தம் அடங்கினதும் தலைமாட்டுல ஒரு சத்தம். மோட்டார் போடாத பைப்புல தண்ணி ஓடுற மாதிரி. எந்திரிச்சு கல்லுல காதை வெச்சேன். சுவருக்குப் பின்னாடி ஓடுது. ராத்திரி பூரா ஓடுச்சு. காலையில தீப்பெட்டி எடுத்தா மருந்து பிசுபிசுன்னு வழியுது, தலையணைக்குப் பக்கத்துல வெச்ச பேப்பர் துணி மாதிரி தொங்குது. ஒரு ராத்திரியில என் முதுகே பிடிச்சுக்கிச்சு. 72 வயசு முட்டி என்ன ஆகும்?

அம்மாகிட்ட இடைவெளி விட்டு இன்னொரு சுவர் கட்டுற யோசனையைச் சொன்னேன். அவங்க ஈரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "நீங்கல்லாம் மேல, நான் மட்டும் கீழயா? ராத்திரி கரடி வந்து கதவைச் சுரண்டினா யாரைக் கூப்பிடுவேன்?"ன்னாங்க. எங்க பக்கம் எண்ணெய் வாசத்துக்குக் கரடி சமையல்கட்டு வரைக்கும் வர்றது புதுசில்ல. இந்த ஏழு மாசத்துல அவங்களை ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

அதனால இப்போதைக்கு ஷெட் ஷெட்டாவே இருக்கு. அந்தப் பணத்துல கொஞ்சம் எடுத்து 31 படிக்கும் ரெண்டு பக்கமும் ஜிஐ பைப் கைப்பிடி போட்டாச்சு. உயரம் கூடின எட்டுப் படியை உடைச்சு ரெண்டு ரெண்டாக்கினோம். இப்ப 39 படி, ஆனா உடைச்சுக் கட்டினது ஒவ்வொண்ணும் பாதி உயரம். நடுவுல திரும்புற இடத்துல உக்கார ஒரு கல் பெஞ்ச். நேத்து அம்மா தானா இறங்கி அந்தப் பெஞ்ச்ல அரை மணி நேரம் உக்காந்து ரோட்டுல போறவங்களை எல்லாம் விசாரிச்சுட்டு ஏறினாங்க.

டிரைவர் அண்ணா, அந்த மூணு ராத்திரியில வலது பக்கத்து வைப்பர் ரப்பர் போயிடுச்சு. நீங்க எங்க வாங்குவீங்க?